மூடியபடி எதுவும் வெளியே போகக்கூடாது

இரண்டு அவித்த முட்டைகள் என் தட்டச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. முட்டைக்கு ஏது கண் என்று கேட்காதீர்கள். அன்றைக்கு அந்த அறையில் மைக்கூட்டுக்குக்கூடக் கண் இருந்தது. நிதியமைச்சரைவிட, மத்திய வங்கி ஆளுநரைவிட, கடன் கொடுக்கும் உலக நிறுவனத்திலிருந்து ஒரு யானைக்குட்டி அளவு பெட்டியோடு வந்து இறங்கியிருந்த கோட்டுக்காரரைவிட அதிகாரம் படைத்த முட்டைகள் அவை. நான் அவற்றைத் தின்றால் ஊரில் ஒரு விலை இறங்கும். தின்னாமல் விட்டால் அதே விலை ஏறும். பசியோ குடலைப் பிடுங்கியது.

எங்கள் அமைச்சகத்தில் அதற்குப் பூட்டு நாள் என்று பெயர். நாணயத்தின் மதிப்பைத் தொடப்போகிறார்கள் என்றாலோ, இறக்குமதிக் கதவைத் திறக்கவோ சாத்தவோ போகிறார்கள் என்றாலோ, அந்த அறிவிப்பை எழுதுகிறவர், தட்டச்சு செய்கிறவர், ஒப்புநோக்குகிறவர் எல்லாரையும் காலையிலேயே மூன்றாம் மாடி அறைக்குள் விட்டு வெளியே பூட்டிவிடுவார்கள். தொலைபேசிக் கம்பியைப் பிடுங்கிவிடுவார்கள். ஜன்னல் கண்ணாடிகளுக்குப் பழுப்புத்தாள் ஒட்டியிருக்கும். மாலை ஆறு மணிக்கு, வங்கிகளெல்லாம் கதவைச் சாத்திய பிறகு, வானொலியில் அமைச்சர் பேசி முடித்தால்தான் சாவி திரும்பும். கழிவறை அறைக்குள்ளேயே இருந்தது. அதற்கு மேல் ஓர் அரசாங்கம் தன் ஊழியனுக்கு என்ன செய்துவிட முடியும்?

இவ்வளவு கெடுபிடிக்கும் காரணம் இருந்தது. எங்கள் ஊர் வியாபாரிகள் காற்றை மோந்தே விலை சொல்வார்கள். அமைச்சர் தும்மினால் சர்க்கரை ஏறும். எத்தனை தேநீர்க் குவளை மூன்றாம் மாடிக்குப் போகிறது என்று எதிர்க் கட்டடத்தில் உட்கார்ந்து எண்ணுவதற்குச் சம்பளத்துக்கு ஆள் போட்டிருந்தார்கள். ஒருமுறை செயலாளர் அம்மா பல்வலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காரில் ஏறியதைப் பார்த்துவிட்டு ஊரில் பாதிப் பேர் சிமெண்டு வாங்கிக் குவித்தார்கள். பல்லைப் பிடுங்கிய மறுநாள் சிமெண்டு விலை சரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், கொஞ்சம்தான் கூட்டிச் சொல்கிறேன்.

முட்டைக்கு வருகிறேன்.

அன்று காலை நான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது என் மனைவி வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். அவள் நிலையில் சாய்ந்து நின்றால் எனக்குப் பொத்தான் துளை மாறிப் போகும்.

"இன்னிக்குப் பூட்டுதானே?" என்றாள்.

"யார் சொன்னா?"

"ராத்திரி பூரா புரண்டு புரண்டு படுத்தீங்களே, அது சொல்லுச்சு. இங்க பாருங்க. தங்கச்சி வீட்டுக்காரர் நேத்து வந்து அழாத குறை. கிடங்கு நிறைய டயர். கதவைத் திறந்து வெளிநாட்டு டயர் கப்பல்ல வந்து இறங்கிடுச்சுன்னா, அத்தனையும் வெறும் ரப்பர். இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள தெரிஞ்சாத்தான் தள்ளிவிட முடியுமாம்."

தங்கச்சி வீட்டுக்காரர் என்றால் என் சகலை. டயர் வியாபாரம். ஊரே அவரை டயர் என்றுதான் கூப்பிடும், முகத்துக்கு நேராகவும். வயிற்றைப் பார்த்தால் பெயர்ப் பொருத்தம் புரியும். பல வருஷமாக வெளிநாட்டு டயருக்கு அனுமதிச்சீட்டு என்ற பெயரில் அரசாங்கம் சொட்டுச் சொட்டாகத்தான் வழிவிட்டது. அதனால் கிடங்கில் டயர் வைத்திருப்பவன் ராஜா. அந்தக் கிடங்கில் என் மனைவியின் அப்பா அவளுக்கென்று விட்டுப்போன பணமும் சேர்ந்திருந்தது. ஆகவே அவள் தங்கைக்காக மட்டும் பேசவில்லை.

"எனக்கே இன்னும் தெரியாது. தெரிஞ்சாலும் சொல்ல முடியாது. சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"வாயைத் திறக்க மாட்டேன்னுதானே சத்தியம்? திறக்க வேண்டாம். சாப்பாட்டுல ரெண்டு அவிச்ச முட்டை வைப்பேன். இறக்குமதியைத் திறந்துவிடுறாங்கன்னா ரெண்டையும் சாப்பிட்டுடுங்க. இல்லைன்னா ரெண்டையும் அப்படியே திருப்பி அனுப்புங்க. முட்டை சாப்பிடறது ஒரு குத்தமா?"

"முடியவே முடியாது."

"முடியாதுன்னா முடியாது, விடுங்க," என்றாள் அவள் சாந்தமாக. "நான் முட்டை வைக்கத்தான் போறேன்."

அந்தச் சாந்தத்துக்கு உலக வங்கிகளே பதில் வைத்திருக்காது.

அலுவலகத்துக்குப் போனால் மூன்றாம் மாடியில் காவல்காரர் சாவிக்கொத்தோடு காத்திருந்தார். எனக்கு மூத்தவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அந்த மீசையை வளர்த்த நேரத்தில் வேறொருவர் ஒரு காடு வளர்த்திருப்பார். கடமையில் அவரை மிஞ்ச ஆளில்லை. பூட்டு நாளுக்கென்று அவரிடம் ஒரே ஒரு விதிதான்: மூடியபடி எதுவும் வெளியே போகக்கூடாது. தீப்பெட்டியைத் திறந்து குச்சிகளைக் கொட்டிப் பார்ப்பார். பேனாவைக் கழற்றுவார். பழத்தை உரித்துப் பார்த்துவிட்டுத்தான் விடுவார். ஒருமுறை ஒப்புநோக்குகிறவரின் மூக்குக்கண்ணாடிக் கூட்டின் உள் துணியையே பிரித்துவிட்டு, வீட்டிலிருந்து ஊசிநூல் கொண்டுவந்து மறுநாள் தைத்துக் கொடுத்தார்.

அன்றைக்கு என்னை உள்ளே விடுமுன் குரலைத் தாழ்த்தினார்.

"சார், கோவிச்சுக்காதீங்க. மருமகன் ஒத்த பஸ்ஸ வச்சிக்கிட்டு ஓட்டறான்ல. டயரெல்லாம் மொட்டை. பொண்ணு வளையலைக் கழட்டிக் குடுத்துட்டா. அந்தப் பெரிய கிடங்குக்காரர்கிட்ட கேட்டா யானை விலை சொல்றார். இன்னிக்கே வாங்கிடட்டுமா, பொறுக்கட்டுமா?"

இருமினேன்.

"இருமினா என்ன சார் அர்த்தம்?"

"இருமல்னு அர்த்தம் அண்ணே!"

அவர் அதையும் யோசனையோடு பார்த்தார். பிறகு தானே வெட்கப்பட்டு, "தப்பு சார், கேட்டிருக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டு வெளியே பூட்டினார். பூட்டு விழுந்த சத்தம் என் முதுகெலும்பில் விழுந்தது. விற்க நினைக்கிறவர் என் சகலை. வாங்க நினைக்கிறவர் இந்தக் கதவைக் காக்கிறவரின் மருமகன். நடுவில் நானும், இன்னும் வந்து சேராத இரண்டு முட்டைகளும்.

உள்ளே செயலாளர் அம்மா நின்றுகொண்டே கையெழுத்துப் பிரதியைத் திருத்திக்கொண்டிருந்தார். பூட்டு நாளில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கோட்டுக்காரரும் எங்களோடு பூட்டப்பட்டிருந்தார். தன்னையுமா என்று காலையில் அதிர்ந்துபோனவர், இப்போது மூலையில் நாற்காலி போட்டு வியர்த்துக்கொண்டிருந்தார். பக்கம் பக்கமாக என் மேஜைக்கு வந்தது. நாணயத்தைக் கட்டியிருந்த கயிறு அவிழ்க்கப்படும். சுங்க வரி குறையும். அனுமதிச்சீட்டு ஒழியும். அதற்கடுத்து எந்தெந்தப் பொருள்களுக்கு என்ற அட்டவணை. தையல் இயந்திரம், மருந்து, நூல், அப்புறம் என் விரல் எழுத்துகள் மேலேயே நின்றுவிட்டது. வாகன டயர்கள்.

"என்ன ஆச்சு?" என்றார் அம்மா. இயந்திரம் ஓயும் சத்தம் அவருக்குத்தான் முதலில் கேட்கும்.

"நாடா சிக்கிடுச்சும்மா."

அவர் என் மேஜைக்கு வந்து நின்றார். "சிக்கெடுத்துட்டு நிதானமா அடிங்க. நம்மளோட சேர்ந்து பக்கத்து நாட்டு நாணயமெல்லாம் ஒரே கயித்தைக் கட்டிக்கிட்டு மலை ஏறிட்டிருக்கு. நாம வழுக்கினா தனியா விழ மாட்டோம். அவங்க அமைச்சருங்களும் ஆறு மணிக்குத்தான் ரேடியோ பக்கத்துல உட்காருவாங்க. துறைமுகத்துல மூட்டை தூக்குறவரும், வங்கி முதலாளியும், அவங்களும், எல்லாரும் ஒரே நேரத்துல கேட்கணும். ஒருத்தன் கொஞ்சம் முன்னாடி கேட்டுட்டான்னா, அவன் இன்னொருத்தன் வீட்டுல கைய வைக்கிறான்னு அர்த்தம். கதவைத் திறக்கிறது பெரிய வேலையில்லை. எல்லாருக்கும் ஒரே நொடியில திறக்கிறதுதான் நம்ம வேலை."

கோட்டுக்காரருக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனாலும் தலையாட்டினார். அப்படித் தலையாட்டித்தான் அவர் அந்தக் கோட்டை வாங்கியிருக்க வேண்டும்.

மதியம் கதவின் கீழ்ப்பகுதியில் இருந்த சிறு திறப்பின் பலகை மேலேறியது. என் மனைவி வாசலில் கொடுத்துவிட்ட டிபன் கேரியர் உள்ளே வந்தது. மேல் அடுக்கில் ரொட்டி. நடுவில் உருளைக்கிழங்கு. கீழ் அடுக்கில், ஓடு உரிக்காமல், அருகருகே, புருஷன் பெண்டாட்டி மாதிரி இரண்டு முட்டைகள்.

இப்போது சொல்லுங்கள், நான் என்ன செய்திருக்க வேண்டும்? இரண்டையும் தின்றால் நாட்டின் ரகசியம் போயிற்று, காவல்காரர் மகளின் வளையலும் போயிற்று. திருப்பி அனுப்பினால் பொய் சொன்னதாகும். சகலை அசையாமல் இருந்து, மாலையில் கிடங்கோடு மூழ்குவார், என் வீட்டில் அடுத்த ஜன்மம் வரை அடுப்பு எரியாது. கேரியரையே அனுப்பாமல் வைத்துக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை. பாத்திரம் எதுவும் அறையில் தங்கக்கூடாது. முன்னொரு பூட்டு நாளில் மிச்சச் சோற்றுக்கு வந்த எலிகள், நிதிநிலை அறிக்கையின் நடுப்பகுதியையும் தின்றுவிட்டுப் போயின. அமைச்சர் அதை அப்படியே வாசித்தார். எதிர்க்கட்சிகூடக் கண்டுபிடிக்கவில்லை.

முட்டைகளை எடுத்து மேஜையில் வைத்தேன். வியர்த்தது. கோட்டுக்காரரிடம் ஒன்றை நீட்டலாமா? எங்கே போனாலும் போனது போனதுதானே. வெளியே வீசலாம் என்றால் ஜன்னல் திறக்காது. அப்போதுதான் மூளையில் விளக்கு எரிந்தது. ஒன்றைத் தின்பது, ஒன்றைத் திருப்பி அனுப்புவது! ஒன்று ஆம், ஒன்று இல்லை. கூட்டினால் பூஜ்யம். என் மனைவியாலும் அதற்கு அர்த்தம் கற்பிக்க முடியாது. சத்தியமும் தப்பியது, யாரும் யார் வீட்டிலும் கைவைக்கவில்லை. என் அறிவை நானே மெச்சிக்கொண்டு ஒரு முட்டையை உரித்து இரண்டே வாயில் விழுங்கினேன். உலகப் பொருளாதாரத்தை விழுங்கியது போல் நெஞ்சில் சற்று நின்று, பிறகு இறங்கியது. மற்றதை ஓடு கலையாமல் கீழ் அடுக்கில் கிடத்தி, கேரியரைப் பூட்டி, திறப்பு வழியாக வெளியே தள்ளினேன். பலகை முழுதாக இறங்கவில்லை. விரற்கடை இடைவெளி. குனிந்து பார்த்தேன்.

காவல்காரர் முக்காலியில் உட்கார்ந்து கேரியரைப் பிரித்தார். ரொட்டித் துண்டைக் கிள்ளிப் பார்த்தார். உருளைக்கிழங்கைக் கரண்டியால் கிளறினார். கீழ் அடுக்கைத் திறந்தார். முட்டையை எடுத்தார். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துத் திருப்பினார். காதருகே வைத்து ஆட்டினார்.

மூடியபடி எதுவும் வெளியே போகக்கூடாது.

எனக்கு அந்த விதி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தீப்பெட்டிக்கும் பேனாவுக்கும் பழத்துக்கும் பொருந்தும் விதி முட்டைக்குப் பொருந்தாமல் போகுமா? இயற்கை இதுவரை செய்ததிலேயே நன்றாக மூடிய பொருள் அதுதான். அவர் அதை முக்காலியின் விளிம்பில் தட்டினார். பொறுமையாக, நகத்தால், ஒரு சில்லும் சிந்தாமல் உரித்தார். ஓட்டின் உட்புறத்தைக்கூடப் படித்தார். ஒன்றும் எழுதியிருக்கவில்லை. உரித்த முட்டை உள்ளங்கையில் பளபளத்தது. இனி அதை என்ன செய்வது என்று அக்கம்பக்கம் பார்த்தார். அவரை மாற்றிவிட வேண்டிய ஆள் வந்திருக்கவில்லை, அவரும் பட்டினி.

"அண்ணே!" என்றேன் இடைவெளி வழியாக.

அவர் குனிந்தார். "என்ன சார்?"

"அந்த முட்டை..."

"சோதிச்சுட்டேன் சார். சுத்தமா இருக்கு."

"அது... அதை அப்படியே அனுப்பிடுங்க."

"ஏன் சார்?"

ஏன். இத்தனை சின்னச் சொல்லை யார் கண்டுபிடித்தார்கள்? எந்தப் பதிலைச் சொன்னாலும் அந்த முட்டைக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது என்று ஆகிவிடும். அர்த்தமுள்ள முட்டையைக் காவல்காரர் மேலிடத்துக்கு அனுப்பிவைப்பார். என் மனைவியை வாசலிலேயே பிடித்து உட்காரவைப்பார்கள். நான் வாயைத் திறந்தேன், மூடினேன், திறந்தேன். தொட்டி மீன் கெட்டது.

அவருக்குப் புரிந்துவிட்டது, அதாவது தவறாக. முகம் மலர்ந்தது. "உரிச்சதை வீட்டுக்கு அனுப்பினா அம்மா என்ன நினைப்பாங்கன்னு பாக்கறீங்களா? விடுங்க சார், வீணாப் போகாது." முட்டை மீசைக்குள் போயிற்று. உரித்த ஓட்டை ஒழுங்காகக் கீழ் அடுக்கில் போட்டு, கேரியரைப் பூட்டிப் பியூனிடம் கொடுத்தார். "நல்ல பதம் சார்," என்றார் என்னிடம், திறப்புக்குக் குனிந்து.

ஜன்னலுக்கு ஓடினேன். பழுப்புத்தாளில் ஒரு மூலை கிழிந்திருந்தது; கண் வைக்கிற அளவு. கீழே வாசலில் என் மனைவி. அவளுக்குச் சற்றுத் தள்ளி சகலையின் கார், என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பியூன் கேரியரைக் கொடுத்தான். அவள் தெருவிலேயே திறந்தாள். முதல் அடுக்கைப் பார்க்கவில்லை, இரண்டாவதைப் பார்க்கவில்லை. மூன்றாவதில் முட்டை இல்லாமல் வெறும் ஓட்டைப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி மூன்றாம் மாடியைப் பார்த்துச் சிரித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை, கல்யாணத்தன்றும் இல்லை. சிரித்துக்கொண்டே காரை நோக்கி ஓடினாள். கார் கிளம்பிய வேகத்தில் தெருவே தூசியாயிற்று.

"அங்க என்ன?" செயலாளர் அம்மா எனக்குப் பின்னால் நின்றார்.

சொன்னேன். எல்லாவற்றையும். காலையில் நிலையில் சாய்ந்ததிலிருந்து மீசை வரைக்கும். அவர் கேட்டுக்கொண்டே என் மேஜையில் கிடந்த முட்டையோட்டையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவங்க பஸ்ஸுக்காரர்கிட்டதான் விப்பாங்கன்னு நிச்சயமா?"

"டயருக்கு அலையறது அவர்தாம்மா. விலையைக் கொஞ்சம் கொறைச்சாலே ஓடி வந்துடுவார்."

"கதவைத் திறந்து காவல்காரர்கிட்ட சொல்லிடலாமா?" என்றேன் நானே தொடர்ந்து. "மருமகனை வாங்க வேண்டாம்னு..."

"வாங்காதேன்னு சொன்னா, அதுக்கு என்ன அர்த்தம்? அவர் மருமகன்கிட்ட சொல்வார். மருமகன் பஸ் ஸ்டாண்ட் பூராச் சொல்வான். நாலு மணிக்கு வங்கி வாசல்ல கூட்டம் நிக்கும். அஞ்சு மணிக்குப் பக்கத்து நாட்டுல நிக்கும்." அவர் பேசுவது என்னிடமா தன்னிடமா என்று தெரியவில்லை. பிடுங்கிப் போட்டிருந்த தொலைபேசிக் கம்பியின் முனையை எடுத்து விரலில் சுற்றினார், அவிழ்த்தார். கோட்டுக்காரர் ஏதோ கேட்க வாயெடுத்தார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் கோட்டு தானாகவே பொத்தானைப் போட்டுக்கொண்டது.

"ஆறு மணியை மாத்த முடியாது," என்றார் கடைசியில். "நாளைக்குக் காலையில இதையெல்லாம் நீங்களே அமைச்சர்கிட்ட சொல்லணும். நானும் கூட வரேன்." என் தாளைப் பார்த்துவிட்டு, "உட்கார்ந்து அடிங்க. டயர் வரியில ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கு."

உட்கார்ந்தேன். விட்டுப்போன எழுத்தைப் போட்டேன். அதற்குப் பிறகு அந்த மதியம் நகரவில்லை. பழுப்புத்தாளின் கிழிசல் வழியாக விழுந்த வெயில், தரையில் ஒரு முட்டை அளவுக்குக் கிடந்தது. நாற்காலிக் காலிலிருந்து மேஜைக் காலுக்கு வர அதற்கு ஒரு யுகம் பிடித்தது. அம்மா முதல்முறையாக ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். உட்காரவில்லை. கதவுக்கு வெளியே காவல்காரர் மெல்ல எதையோ முணுமுணுத்துப் பாடுவது கேட்டது. வயிறு நிறைந்தவன் பாட்டு.

மாலையில் அமைச்சரின் குரல் வந்தது. எங்கள் அறையில் இருந்த சின்ன வானொலியில், கதவுக்கு வெளியே காவல்காரரின் வானொலியில், தெருவுக்கு எதிரே கடையில், எல்லாவற்றிலும் ஒரே வாக்கியம் ஒரே நேரத்தில். நான் அடித்த வாக்கியம். உலகத்தோடு கைகோத்து, நிலையான நாணயத்தோடு, திறந்த வாசலோடு என்று அமைச்சர் பேசிக்கொண்டே போனார். தையல் இயந்திரம். மருந்து. நூல். வாகன டயர்கள். தெருவில் யாரோ கைதட்டினார்கள். யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள். கோட்டுக்காரர் கண்ணை மூடி மூச்சு விட்டார். பக்கத்து நாடுகளில் ஒன்றும் விழவில்லை.

பூட்டு திறந்தது.

காவல்காரர் நிலையை அடைத்துக்கொண்டு நின்றார். எங்கள் எல்லாரையும் பார்த்துச் சல்யூட் வைத்தார். பிறகு என்னிடம் வந்து, இப்போது கேட்கலாம் என்ற உரிமையோடு குரலை உயர்த்தியே கேட்டார்.

"சார், அமைச்சர் வேகமா படிச்சாரா, எனக்குப் பாதிதான் பிடிபட்டுச்சு. டயரைப் பத்தி ஏதோ வந்துச்சே, நல்லதுதானே? மருமகன் கீழ் மேஜைக்குப் போன் பண்ணியிருந்தான். கிடங்குக்காரர் மத்தியானம் திடீர்னு மனசு இளகிட்டாராம். அவரே ஆள் அனுப்பி, விலையைக் கொறைச்சு, கையோட மாட்டியும் குடுத்துட்டாராம். பஸ்ஸு புதுப் பொண்ணு மாதிரி நிக்குதாம் சார்!"

கீழே தெருவில் ஒரு கார் ஹாரன் அடித்தது. நீளமாக, குஷியாக, விட்டுவிட்டு. சகலையின் ஹாரன், எனக்குத் தெரியும். என் மனைவி பக்கத்து இருக்கையில் காலிக் கேரியரை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பாள்.

செயலாளர் அம்மா படியிறங்கப் போனவர் நின்றார். திரும்பவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"சொல்லுங்க சார்," என்றார் காவல்காரர். "சரியான நேரத்துலதானே வாங்கியிருக்கான்?"

அவர் மீசையின் இடது ஓரத்தில் மஞ்சள் கருவின் ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது. மதியத்திலிருந்து அங்கேயேதான் இருந்திருக்க வேண்டும். அவர் சிரிக்கச் சிரிக்க அது ஏறி இறங்கியது. விழவே இல்லை.